ரொட்டி திருடியவரைத் தூக்கிலிட்டார்களா? 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் உள்ளூர் நீதிமன்றங்கள்

ஒரு ரொட்டியைத் திருடியதற்காக இங்கிலாந்தில் ஆளைத் தூக்கில் போட்டார்களாமே, அது உண்மையா, சிறு குற்றங்களுக்கு ஊர்ப்புற நீதிமன்றங்கள் என்னதான் தண்டனை கொடுத்தன என்பது கேள்வி. ரொட்டித் திருட்டுக்குத் தூக்கு கிடையாது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், அதிலும் முன்பே ஒருமுறை தண்டனை பெற்றவராக இருந்தால், ஏழாண்டு தீவாந்தரம், அதாவது கடல் கடந்து நாடு கடத்தும் தண்டனை, கிடைத்திருக்கக்கூடும். ஆனால் தூக்குமேடையையே பார்த்துக்கொண்டிருந்தால், அந்த நாட்டில் சட்டம் ஏழைகளின் மேல் எந்த வழியாக வந்து இறங்கியது என்பது கண்ணில் படாமலே போய்விடும். பெரும்பாலும் அது ஜூரி இல்லாத ஒரு சின்ன அறையில், இரண்டு நிலக்கிழார்கள் போட்ட அபராதமாகவே வந்தது. நூற்றாண்டு முன்னேற முன்னேறத் தண்டனையின் கொடுமை குறைந்தது உண்மை. அதே வேகத்தில் அதன் வீச்சு அகலமாகிக்கொண்டே போனது என்பதும் உண்மை.

முதலில் அமைப்பைப் பார்த்துவிடலாம். மேல் அடுக்கில் அசைசஸ் நீதிமன்றம் இருந்தது. லண்டனிலிருந்து கிளம்பும் உயர் நீதிபதிகள் ஆண்டுக்கு இரண்டு முறை கவுண்டி எனப்படும் மாவட்டங்களின் தலைநகரங்களுக்கு எக்காளமும் ஈட்டிக்காரர்களும் சூழ ஊர்வலமாக வந்து, கொலை, வழிப்பறி, தீவைப்பு போன்ற பெரிய வழக்குகளை விசாரித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போவார்கள். நடு அடுக்கில் குவார்ட்டர் செஷன்ஸ். அந்தக் கவுண்டியின் மாஜிஸ்திரேட்டுகளே ஆண்டுக்கு நான்கு முறை கூடி, ஜூரியை வைத்துக்கொண்டு திருட்டு, அடிதடி வழக்குகளை நடத்துவார்கள். மரண தண்டனைக்கும் ஆயுள்காலத் தீவாந்தரத்துக்கும் உரிய குற்றங்களை இவர்கள் தொடக்கூடாது என்று 1842-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. கீழ் அடுக்கில் பெட்டி செஷன்ஸ். இரண்டு மாஜிஸ்திரேட்டுகள், ஒரு குமாஸ்தா, ஒரு காவலர், அவ்வளவுதான். நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்குத் தனிக் கட்டடம்கூட அநேக ஊர்களில் கிடையாது. சத்திரத்தின் மாடியறையிலோ மாஜிஸ்திரேட்டின் வீட்டு முன்கூடத்திலோ விசாரணை முடிந்துவிடும். இந்த விசாரணைகள் பொதுமக்கள் வந்து பார்க்கும்படி திறந்த நீதிமன்றத்தில் நடக்கவேண்டும் என்பதே 1848-இல்தான் சட்டமாயிற்று.

ரொட்டிக்குத் தூக்கு என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொள்வது கடினமல்ல. 1800-இல் இங்கிலாந்துச் சட்டப் புத்தகத்தில் மரண தண்டனைக்குரிய குற்றங்கள் 200-க்கு மேல் இருந்தன. ஒரு குடியிருப்பு வீட்டுக்குள்ளிருந்து 40 ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடினால் தூக்கு. ஆடு திருடினால் தூக்கு. குதிரை திருடினால் தூக்கு. ஆனால் 12 பென்சுக்கு, அதாவது ஒரு ஷில்லிங்குக்கு, மேற்படாத பொருளைத் திருடுவது சிறு திருட்டு. அதற்குக் கசையடி, சிறை, தீவாந்தரம் ஆகியவை உண்டே தவிர, உயிர் போகாது. ரொட்டி இந்த வகையில்தான் அடங்கும். ஏட்டில் தூக்கு என்று எழுதியிருந்த இடங்களிலும் ஜூரியில் உட்கார்ந்தவர்கள் எழுத்துப்படி நடந்துகொள்ளவில்லை. கண்ணெதிரே இருக்கும் வெள்ளிச் சாமான் ஐம்பது ஷில்லிங் பெறும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தும், அதன் மதிப்பு 39 ஷில்லிங் என்று தீர்ப்புச் சொல்லி ஆளின் கழுத்தைக் காப்பாற்றுவது அவர்களுக்குக் கைவந்த கலையாக இருந்தது. அதையும் மீறித் தீர்ப்பானவர்களில் பெரும்பாலோர் மன்னரின் கருணையால் தப்பினார்கள். 1770-க்கும் 1830-க்கும் இடையே இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ 35,000 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, சுமார் 7,000 பேர் தூக்கிலிடப்பட்டார்கள் என்பது வரலாற்றாய்வாளர்களின் மதிப்பீடு. ஐந்தில் ஒருவர். கருணை என்று இதைச் சொல்வதா, சீட்டுக் குலுக்கல் என்று சொல்வதா என்பது பார்ப்பவரைப் பொறுத்தது. அன்றைய சீர்திருத்தவாதிகள் இரண்டாவதாகத்தான் பார்த்தார்கள்.

அந்தச் சீர்திருத்தவாதிகளில் ஒருவரான பாராளுமன்ற உறுப்பினர் சாமுவேல் ரோமிலி 1808-இல் பிக்பாக்கெட் குற்றத்துக்கான மரண தண்டனையை நீக்கவைத்தார். உள்துறை அமைச்சராக இருந்த ராபர்ட் பீல் 1827-இல் பெருந்திருட்டு, சிறு திருட்டு என்ற அந்த 12 பென்ஸ் கோட்டையே அழித்தார். 1832-இல் ஆடு, மாடு, குதிரைத் திருட்டுக்கான தூக்கு போனது. 1861-இல் தொகுக்கப்பட்ட சட்டங்களுக்குப் பிறகு நடைமுறையில் கொலைகாரர் மட்டுமே தூக்கு மேடை ஏறினார். கடைசிப் பொதுத் தூக்கு 1868 மே மாதம் லண்டனின் நியூகேட் சிறை வாசலில் நடந்தது.

தூக்கு குறையக் குறைய அந்த இடத்தைத் தீவாந்தரம் பிடித்தது. 1788 முதல் 1868 வரை பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் ஏறத்தாழ 1,60,000 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். இவர்களில் பெரும்பங்கினர் திருட்டுக் குற்றவாளிகள். அவர்களில் கணிசமானோரை அனுப்பியது அசைசஸ் அன்று, குவார்ட்டர் செஷன்ஸ். ஏழாண்டு என்பது அந்த மேசையிலிருந்து சாதாரணமாக வந்த தண்டனை. காலம் முடிந்ததும் ஊர் திரும்பலாம் என்று சட்டம் சொன்னது, கப்பல் கட்டணத்தை யாரும் கொடுக்கவில்லை. எனவே கூலித் தொழிலாளி ஒருவருக்கு ஏழாண்டு என்றாலும் ஆயுள் முழுவதும் என்றாலும் பெரும்பாலும் ஒன்றுதான்.

இனி கீழ் அடுக்குக்கு வருவோம். என் கருத்தில் விஷயத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

மாஜிஸ்திரேட்டுகளுக்குச் சம்பளம் கிடையாது. சட்டம் படித்திருக்க வேண்டும் என்பதும் கிடையாது. ஆண்டுக்கு 100 பவுண்ட் வருமானம் தரும் நிலம் இருக்கவேண்டும் என்பதே கவுண்டி மாஜிஸ்திரேட்டுக்கான தகுதி, அது 1906 வரை நீடித்தது. ஆகவே அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் நிலக்கிழார்களும், சொத்துள்ள பாதிரிமார்களும்தான். அவர்கள் எதிரே வந்து நின்றவர்கள் யார்? வேலியில் சுள்ளி பொறுக்கியவர், டர்னிப் பிடுங்கியவர், குடித்துவிட்டுத் தெருவில் விழுந்து கிடந்தவர், முயலுக்குக் கண்ணி வைத்தவர். 1824-ஆம் ஆண்டு நாடோடித் தடைச் சட்டத்தின்படி, பிழைப்புக்கு வழி என்னவென்று சொல்லத் தெரியாமல் வைக்கோற்போரிலோ வெட்டவெளியிலோ படுத்திருந்தவரை ஒரே ஒரு மாஜிஸ்திரேட் மூன்று மாதம் கடுங்காவலுக்கு அனுப்பமுடியும்.

கண்ணி வைப்பதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் கிராமப்புறத்தில் சட்டத்தின் மேல் மக்களுக்கு இருந்த கசப்பில் பெரும்பகுதி இதிலிருந்து ஊறியது. முயலும் கௌதாரியும் கடவுள் கொடுத்தவை, யாருடைய சொத்தும் அல்ல என்பது கூலிக்காரர்களின் உறுதியான எண்ணம். நிலக்கிழாருக்கோ வேட்டை என்பது அந்தஸ்தின் அடையாளம். 1828-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரவில் வேட்டையாடிப் பிடிபட்டால் முதல் முறை மூன்று மாதம் வரை, இரண்டாம் முறை ஆறு மாதம் வரை சிறை. மூன்றாம் முறை ஏழாண்டு தீவாந்தரம். பகலில் வேட்டைக்காக அத்துமீறி நுழைந்தால் 1831-ஆம் ஆண்டுச் சட்டப்படி 2 பவுண்ட் வரை அபராதம். 2 பவுண்ட் என்றால் 40 ஷில்லிங். அன்றைய தென் இங்கிலாந்தில் பண்ணைக் கூலி வாரத்துக்குச் சுமார் பத்து ஷில்லிங். ஆக ஒரு முயலுக்கு ஒரு மாதக் கூலி. அபராதத்தோடு நீதிமன்றச் செலவும் சேரும். குமாஸ்தாவுக்கு நூற்றாண்டின் பெரும்பகுதியில் நிலையான சம்பளம் கிடையாது. சம்மனுக்கு இவ்வளவு, வாரண்டுக்கு இவ்வளவு என்று கட்டணத்திலேயே அவர் பிழைத்தார். அதனால் அபராதத்தைவிடச் செலவு அதிகமாகிப்போன வழக்குகள் ஏராளம்.

தன் சொந்த வழக்கைத் தானே விசாரிக்க மாஜிஸ்திரேட்டுக்கு உரிமையில்லை என்பது சட்டம். ஆனால் இவருடைய காட்டில் பிடிபட்டவரை அண்டைப் பண்ணையார் விசாரிப்பார். அவருடைய காட்டில் பிடிபட்டவரை இவர் விசாரிப்பார். இருவரும் சேர்ந்துதான் வேட்டைக்குப் போவார்கள். வேட்டைச் சட்ட வழக்குகளை விசாரிக்கும் இத்தகைய இரட்டையரைவிட மோசமான நீதிமன்றம் உலகத்திலேயே இல்லை என்கிற பொருளில் வழக்கறிஞரும் பாராளுமன்ற உறுப்பினருமான ஹென்றி புரூம் 1828-இல் பாராளுமன்றத்திலேயே பேசினார். அவர் பேச்சு கிளப்பிய பரபரப்பு அடங்கிய பின்னும் அந்த இரட்டையர் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். 1862-இல் வந்த சட்டம், நெடுஞ்சாலையில் போகிற ஆளை நிறுத்திப் பையைச் சோதிக்கும் அதிகாரத்தைப் போலீசாருக்குக் கொடுத்தது. ஊரார் வரிப்பணத்தில் சம்பளம் வாங்கும் போலீஸ், பண்ணையாரின் காட்டுக் காவலாளியாகவும் ஆயிற்று.

போலீஸ் என்ற இந்த ஏற்பாடே புதியது. கிராமத்தில் அதற்கு முன் இருந்தவர், ஊர்க்காரர்களுக்குள் ஆண்டுக்கு ஒருவராகச் சம்பளமின்றி நியமிக்கப்படும் காவலர்தான். எல்லாக் கவுண்டியும் சம்பளப் போலீஸ் வைத்தே தீரவேண்டும் என்பது 1856-இல் வந்தது. அதுவரை, திருட்டுக் கொடுத்தவரே திருடனைத் தேடிப் பிடித்து, சாட்சிகளைத் திரட்டி, தன் கைப்பணத்தைச் செலவழித்து வழக்கு நடத்தவேண்டும். இந்தச் செலவுக்குப் பயந்தே பலர் பேசாமல் இருந்துவிடுவார்கள். வசதியுள்ளவர்கள் சந்தா கட்டிச் சங்கம் அமைத்துக்கொண்டு அதன் நிதியிலிருந்து வழக்கு நடத்துவார்கள். ஏழையின் வீட்டில் திருடு போனால் அவருக்கு இந்த அமைப்பில் இடமே இல்லை என்பதை இதற்குமேல் விளக்கவேண்டியதில்லை.

பெட்டி செஷன்ஸ் எப்படி இயங்கியது என்பதை ஒரே வழக்கில் பார்க்கவேண்டும் என்றால் நான் 1873-இல் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் நடந்ததைத்தான் எடுப்பேன். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜோசப் ஆர்ச் தலைமையில் விவசாயத் தொழிலாளர் சங்கம் பிறந்திருந்தது. ஆஸ்காட்-அண்டர்-விச்வுட் என்ற கிராமத்தில் ஒரு பண்ணையாரிடம் வேலை செய்தவர்கள் சங்கத்தின் பெயரில் வேலைநிறுத்தம் செய்யவே, அவர் பக்கத்து ஊரிலிருந்து இரண்டு இளைஞர்களை வரவழைத்தார். வேலைநிறுத்தக்காரர்களின் மனைவியரும் உறவுப் பெண்களும் வழியில் திரண்டு, வேலைக்குப் போகாதீர்கள் என்று அந்த இளைஞர்களை மறித்தார்கள். கையில் குச்சி வைத்துக்கொண்டு மிரட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. கூட வந்து குடித்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டார்கள் என்பதும் வழக்கில் வந்த செய்தி. யாருக்கும் காயம் ஏற்படவில்லை. 17 பெண்களுக்குச் சம்மன் போனது. சிப்பிங் நார்ட்டன் பெட்டி செஷன்சில் அன்று உட்கார்ந்திருந்த இரண்டு மாஜிஸ்திரேட்டுகளும் பாதிரிமார்கள். அவர்கள் ஒரு பெண்ணை விடுவித்து, மற்ற 16 பேருக்கும் தண்டனை விதித்தார்கள்: ஏழு பேருக்குப் பத்து நாள், ஒன்பது பேருக்கு ஏழு நாள், எல்லோருக்கும் கடுங்காவல். அவர்களில் இருவர் கையில் பால்குடிக் குழந்தை இருந்தது.

இந்தத் தீர்ப்பில் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வழக்கு போடப்பட்ட 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அபராதத்துக்கு இடமே இல்லை. மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறை மட்டுமே. ஆகவே எங்களுக்கு வேறு வழியில்லை என்று மாஜிஸ்திரேட்டுகளின் சார்பில் சொல்லமுடிந்தது. ஆனால் அந்தச் சிறை கடுங்காவலாக இருக்கவேண்டுமா, வெறுங்காவலாக இருக்கலாமா என்பதைச் சட்டம் அவர்கள் கையில்தான் விட்டிருந்தது. அவர்கள் கடுங்காவலைத் தேர்ந்தெடுத்தார்கள். செய்தி பரவியதும் இரவில் பெருங்கூட்டம் திரண்டு காவல்நிலையத்தைச் சூழ்ந்து கண்ணாடிகளை உடைத்தது. ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து போலீஸ் வரவழைக்கப்பட்டு, இரவோடு இரவாகப் பெண்கள் குதிரை வண்டியில் ஆக்ஸ்ஃபோர்ட் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பாராளுமன்றத்தில் கேள்வி எழுந்தது, லண்டன் பத்திரிகைகள் எழுதித் தீர்த்தன. விடுதலையானவர்களைச் சங்கம் ஊர்வலமாக அழைத்து வந்து, வசூலான 80 பவுண்டிலிருந்து ஆளுக்கு 5 பவுண்ட் கொடுத்தது. 1875-இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. பாதிரிமார்கள் மாஜிஸ்திரேட்டாக இருக்கலாமா என்ற விவாதம் சூடுபிடித்ததற்கும் இந்த வழக்கு ஒரு காரணம்.

இதற்கு நாற்பது ஆண்டுக்கு முன், 1834-இல், டார்செஸ்டர் அசைசசில் டால்படில் கிராமத்துத் தொழிலாளர் ஆறு பேருக்கு ஏழாண்டு தீவாந்தரம் விதிக்கப்பட்டதை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். வாரக் கூலி 9 ஷில்லிங்கிலிருந்து 7 ஷில்லிங்காகக் குறைக்கப்பட்டபோது சங்கம் சேர்ந்து ரகசியப் பிரமாணம் எடுத்துக்கொண்டதே அவர்கள் குற்றம். அது பெரிய வழக்கு, பெரிய தண்டனை, 1836-இல் மன்னிப்பிலும் முடிந்தது. ஆனால் சிப்பிங் நார்ட்டன் மாதிரியான தீர்ப்பு, கூட்டமும் பத்திரிகையும் இல்லாமல், ஊருக்கு ஊர் வாராவாரம் வந்துகொண்டிருந்தது. 1823-ஆம் ஆண்டின் எஜமான்-வேலைக்காரர் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தை மீறித் தொழிலாளி வேலையை விட்டுப்போனால் மூன்று மாதம் கடுங்காவல். எஜமானர் கூலியைக் கொடுக்காமல் ஏமாற்றினால் அது வெறும் பணத் தகராறு. இந்தச் சட்டம் இங்கிலாந்தில் 1875 வரை உயிரோடு இருந்தது. முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராத தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பும் 1859-ஆம் ஆண்டின் 13-ஆம் சட்டம் சென்னை, கல்கத்தா, பம்பாய் நகரங்களுக்கென வந்ததும், இலங்கைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்களின் மேல் 1865-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் பாய்ந்ததும் இதே சிந்தனையின் கிளைகள்தாம். தாய்மரம் வெட்டப்பட்ட பிறகும் அவை நெடுங்காலம் நின்றன.

கடுங்காவல் என்றால் என்ன? 1865-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம் நாளொன்றுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல், பத்து மணிக்கு மேற்படாமல் உழைப்பு என்றது. மிகப் பரவலான கருவி மிதிசக்கரம். வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் அதைப் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் சிறைக்காக வடிவமைத்தார். 1821-இல் லண்டனின் பிரிக்ஸ்டன் சிறைக்கும் வந்தது. நீண்ட உருளையின் மேல் படிகள். கைதிகள் வரிசையாக நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலடியில் கீழே போய்க்கொண்டே இருக்கும் படியின் மேல் ஏறிக்கொண்டே இருக்கவேண்டும். சில சிறைகளில் அது தானியம் அரைத்தது, தண்ணீர் இறைத்தது. பலவற்றில் வெறும் காற்றைத்தான் சுழற்றியது. பயனில்லாத உழைப்பே நல்ல தண்டனை என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள். பெண்களுக்கும் மெலிந்தவர்களுக்கும் தார் பூசிய பழங்கயிற்றை விரலால் பிரித்து நாராக்கும் வேலை. விரல் நுனி பிளந்துபோகும். 1878 ஏப்ரலில் அரசு எடுத்துக்கொள்ளும் வரை இந்தக் கவுண்டிச் சிறைகளை நிர்வகித்தவர்களும் அதே மாஜிஸ்திரேட்டுகள்தான். மிதிசக்கரத்தை ஒழித்தது 1898-ஆம் ஆண்டுச் சட்டம்.

குழந்தைகளின் கதை இரண்டு பக்கமும் கூர்மையானது. ஏழு வயது நிரம்பிய பிள்ளையைக் கூண்டில் ஏற்றலாம். பதினான்குக்குக் கீழே தவறு எது என்று தெரியாது என்ற அனுமானம் இருந்தாலும், தெரியும் என்று நிரூபிக்க அரசுத் தரப்பு பெரிதாகச் சிரமப்படவில்லை. கைக்குட்டை திருடிய பத்து வயதுப் பையன், அடுத்த குவார்ட்டர் செஷன்ஸ் கூடும்வரை வாரக்கணக்கில் பெரியவர்களோடு சிறையில் கிடந்து, பிறகு முழு ஜூரியின் முன் நிற்பான். இது கொடுமை என்பதால்தான் 1847-இல், 14 வயதுக்கு உட்பட்டவர்களின் சிறு திருட்டுகளைப் பெட்டி செஷன்சே உடனடியாக விசாரிக்கலாம் என்றார்கள். 1850-இல் வரம்பு 16 ஆயிற்று. 1855-இல் பெரியவர்களின் ஐந்து ஷில்லிங்குக்கு உட்பட்ட திருட்டுகளும், அவர்கள் சம்மதித்தால், இங்கேயே வந்தன. காத்திருப்பு குறைந்தது, தீவாந்தர அபாயம் போனது. ஆனால் வழக்குப் போடுவது எளிதும் மலிவுமானதால், முன்பு காதைத் திருகி விரட்டியிருக்கக்கூடிய பையனும் இப்போது மாஜிஸ்திரேட் முன் வந்து நின்றான். பிரம்படி பன்னிரண்டுக்கு மேல் கூடாது என்று 1862-இல் வரம்பு வந்தது.

அதன் பிறகு குற்றங்களின் பட்டியலே மாறியது. அம்மைப்பால் குத்தாத பெற்றோர், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர் எல்லாம் பெட்டி செஷன்ஸ் வாசலில் நின்றார்கள். அறுவடைக்குப் பிள்ளையை வயலுக்கு அழைத்துப்போன தாய்க்கு அபராதம். அதைக் கேட்டுக்கொண்டு நாற்காலியில் இருப்பவர், அந்தப் பிள்ளையைக் கூலிக்கு வைத்த பண்ணையாராகவும் இருக்கலாம்.

இதே அறைக்கு ஏழைகள் தாங்களாகவே விரும்பியும் வந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் சித்திரம் ஒருதலைப்பட்சமாகிவிடும். 1844-க்குப் பிறகு, மணமாகாத தாய் ஒருத்தி குழந்தையின் தகப்பன் மீது இங்கே வழக்குப் போட்டு வாரம் 2 ஷில்லிங் 6 பென்ஸ் வரை பெறமுடிந்தது. பெண்களையும் குழந்தைகளையும் கடுமையாக அடிப்பவனுக்கு ஆறு மாதம் வரை சிறை என்று 1853-இல் சட்டம் வந்தது. அப்படித் தண்டிக்கப்பட்ட கணவனிடமிருந்து பிரிந்து வாழும் உத்தரவையும் ஜீவனாம்சத்தையும் 1878-லிருந்து மாஜிஸ்திரேட்டே தரலாம் என்றாயிற்று. விவாகரத்து நீதிமன்றத்தின் செலவைக் கனவிலும் எட்டமுடியாத பெண்களுக்கு இதுதான் ஒரே கதவு. அந்தக் கதவைத் தட்டியவர்கள் குறைவில்லை. மாஜிஸ்திரேட்டுகளிலும் நாணயமானவர்கள் இருந்தார்கள். குற்றம் நிரூபணமானாலும் ஒரு ஷில்லிங் அபராதத்தோடு அனுப்பிவிடுவதும் உண்டு.

ஆனாலும் அந்த ஒரு ஷில்லிங்கும் கையில் இல்லாதவர் சிறைக்குத்தான் போனார். 1879-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு ஓர் அட்டவணையே போட்டது: பத்து ஷில்லிங் வரை கட்டத் தவறினால் ஏழு நாள், ஒரு பவுண்ட் வரை பதினான்கு நாள், ஐந்து பவுண்ட் வரை ஒரு மாதம். தவணையில் கட்ட அனுமதிக்கலாம் என்று அதே சட்டம் சொன்னாலும், அனுமதிப்பதும் மறுப்பதும் மாஜிஸ்திரேட்டின் விருப்பம். நூற்றாண்டு முடியும்போது உள்ளூர்ச் சிறைகளுக்குள் சில நாள் தண்டனையோடு வந்து போய்க்கொண்டிருந்தவர்களில் மிகப் பலர், அபராதம் கட்ட வழியில்லாதவர்களே. பணம் கட்ட அவகாசம் கொடுத்தாகவேண்டும் என்று 1914-இல் ஒரு சட்டம் வந்தது. அதன் பிறகு அந்த எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது.